பெட்டகத்தில் இருப்பது யாருடைய பொருள்? – ‘துணிவு’ திரைப்படத்தை முன்வைத்து

கள்வனை நாயகனாகக் கொண்டு கதை சொல்லும் வழக்கம் நமக்குப் புதியதன்று. நாமக்கல் இராமலிங்கம்பிள்ளையின் நாவலைத் தழுவி 1954இல் வெளிவந்த ‘மலைக்கள்ளன்’ தமிழ்த் திரை இரசிகரின் ஒரு தலைமுறையையே ஆட்கொண்டது. 1864இல் கண்டியில் தூக்கிலிடப்பட்ட உத்துவன்கந்தைச் சரதியல், நீதிமன்ற ஏட்டில் கொலைகாரனாகவும் சிங்கள மக்களின் வாய்மொழியில் ஏழைபங்காளனாகவும் இன்றுவரை இருவேறு வாழ்க்கை வாழ்ந்து வருகிறான். உள்ளவனிடம் பறித்து இல்லாதவனுக்கு ஈயும் கள்வன் என்னும் இப்பழைய உருவம், காட்டுப் பாதையையும் மாட்டு வண்டியையும் விட்டு நகரத்து வங்கியின் இரும்புப் பெட்டகத்தை நோக்கித் திரும்பியபோது, வங்கிக் கொள்ளைப் படம் என்னும் வகை உருப்பெற்றது எனலாம்.

அவ்வாறு திரும்பியபோது அறக்கணக்கும் மாறிற்று. வண்டியில் வரும் மூட்டை பண்ணையாருடையது. கள்வன் அதைத் தூக்கிச் சென்றால் இழப்பவர் பண்ணையாரே. இக்கணக்கு எளிது. வங்கிப் பெட்டகத்தின் கணக்கு அத்துணை எளிதன்று. அதிலுள்ள பொருள் வங்கியினுடையதா, வைப்பிலிட்டவருடையதா? அதை எடுப்பவன் யாரிடமிருந்து எடுக்கிறான்? இவ்வினாவுக்கு விடை காணாது வங்கிக் கொள்ளையனைப் போற்றவும் இயலாது, தூற்றவும் இயலாது. எச். வினோத் எழுதி நெறிப்படுத்த, அஜித்குமார் நடித்து 2023 ஜனவரி 11ஆம் நாள் வெளிவந்த ‘துணிவு’ இவ்வினாவை வெளிப்படையாகவே எழுப்பிய தமிழ்ப் படமாகும். பொங்கலையொட்டி, விஜய் நடித்த ‘வாரிசு’ வெளியான அதே நாளில் அதுவும் வெளியானமையால், எவர் படம் வென்றது என்ற பூசலிலேயே அன்றைய பேச்சின் பெரும்பகுதி கழிந்தது. அந்த ஆரவாரம் அடங்கிவிட்ட இன்று, படத்தின் நிறைகுறைகளை, சிறப்பாக வன்னியில் வாழ்வோர் அதனைப் பார்க்கும் கண்கொண்டு, சற்று ஆற அமர நோக்கலாம்.

கதை சென்னையில் ‘யுவர் பேங்க்’ என்னும் தனியார் வங்கியில் நிகழ்கிறது. மத்திய வங்கி வகுத்த வரம்பை மீறி அங்கே 500 கோடி ரூபா இருப்பதை அறிந்த குழுவொன்று, பொலிஸ் அதிகாரி ஒருவனின் உடந்தையோடு அதனைக் கொள்ளையிட வருகிறது. ஆனால் வேறொருவன் அவர்களுக்கு முன்பே அங்கே அமர்ந்திருக்கிறான். கொள்ளையிட வந்தவர்களையும் பணயமாக்கி வங்கியைத் தன் கைக்குள் கொணரும் அவனே நாயகன். அவனும் தொழிலால் கொள்ளையனே. கதை வளர வளர மூன்றாவது கள்வன் வெளிப்படுகிறான். அது வங்கியே. வாடிக்கையாளரின் சேமிப்பைப் பரஸ்பர நிதி ஒன்றில் இடச்செய்து, அவர்கள் வாசியாது ஒப்பமிட்ட சிறிய எழுத்துகளின் மறைவில் அதனைச் சூறையாடிய மேலிடத்தாரை ஊரறியச் செய்வதே நாயகனின் நோக்கமென்பது பிற்பாதியில் தெரியவருகிறது.

படத்தின் தலையாய சிறப்பு இந்த அடுக்கமைப்பிலேயே உள்ளது. முகமூடி அணிந்தவன் கள்வன் என்று நினைக்கிறோம். பிறகு முகத்தை மறைக்காது ஆடிப்பாடிச் சிரிப்பவன் பெருங்கள்வன் என்று காண்கிறோம். ஈற்றில், கழுத்துப்பட்டி அணிந்து கண்ணாடி அறையில் அமர்ந்திருப்பவனை நோக்கி நம் கண் திருப்பப்படுகிறது. ‘கள்வன்’ என்ற ஒரு சொல் மூவர் மேல் அடுத்தடுத்து ஏறி இறங்குகிறது. வள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தைத் துறவறவியலில், கூடாவொழுக்கத்தை அடுத்து வைத்தமை இவ்விடத்து எண்ணத்தக்கது. துறவியின் கோலத்தைப் போர்வையாகக் கொண்டவனைப் பற்றிப் பேசி முடித்த உடனேயே அவர் களவைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். நம்பிக்கைக்குரிய கோலமே களவுக்குரிய கருவியாகும் என்ற உறவு அவ்வைப்புமுறையில் தொனிக்கிறது. துறவாடைக்கு இருந்த மதிப்பு நம் காலத்தில் வங்கிக் கட்டடத்துக்கு இருக்கிறது. குளிரூட்டிய அறையும், சீருடையும், தாழ்ந்த குரலில் பேசும் முகாமையாளரும் நம்மிடத்தே எழுப்பும் நம்பிக்கை அத்தகையது.

மற்றொரு சிறப்பு, பணம் எவ்வாறு பறிபோகிறது என்பதில் நெறியாளருக்குள்ள ஆழ்ந்த ஈடுபாடு. வினோத்தின் முதற் படமான ‘சதுரங்க வேட்டை’ (2014) மோசடிக்காரன் ஒருவனின் கதை. ‘தீரன் அதிகாரம் ஒன்று’ (2017) நெடுஞ்சாலைக் கொள்ளையரைத் தேடிச் செல்லும் பொலிஸ் அதிகாரியின் கதை. கள்வனின் தொழிலை உள்ளிருந்து காணும் ஆர்வம் இம்மூன்றிலும் உண்டு. ‘துணிவு’ படத்தில் அந்த ஆர்வம் வங்கியின் அன்றாட நடைமுறைகள் மீது திரும்புகிறது. கணக்கில் குறைந்த மீதி இல்லையென்று கழிக்கப்படும் தண்டப்பணம், கடன் அட்டையின் மறைகட்டணம், மாத இலக்கை எட்டுமாறு ஊழியர் மீது சுமத்தப்படும் நெருக்கடி, அந்நெருக்கடியால் தன் உற்றார் உறவினரையே வாடிக்கையாளராக்க வேண்டிய நிலை ஆகிய இவை யாவும் தமிழ்ச் சினிமாவில் இதற்குமுன் அரிதாகவே பேசப்பட்டவை. பலியும் கருவியும் ஒருவனே ஆகும் வங்கி ஊழியனின் அவலத்தைப் படம் தொட்டுக்காட்டுகிறது. இன்னும் நின்று காட்டியிருக்கலாம். முற்பாதியின் விறுவிறுப்பையும் ஒரே கட்டடத்துள் கதையை நிறுத்திய கட்டுப்பாட்டையும் நிரவ் ஷாவின் ஒளிப்பதிவையும் பலரும் பாராட்டியுள்ளனர்; அவை பற்றி மேலும் கூறவேண்டியதில்லை.

இனி, பெட்டகத்தில் இருப்பது யாருடைய பொருள் என்ற வினாவுக்கு வருவோம். நாம் வங்கியில் இடும் பணம் நம்முடையதாகவே அங்கே இருக்கிறது என்று எண்ணுகிறோம். சட்டம் அவ்வாறு எண்ணுவதில்லை. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1848இல் ‘ஃபோலி எதிர் ஹில்’ வழக்கில் வழங்கிய தீர்ப்பின்படி, வங்கியிடம் கொடுத்த கணத்திலேயே பணம் வங்கிக்குச் சொந்தமாகிவிடுகிறது. வைப்பாளர் கடன் கொடுத்தவராகவும் வங்கி கடன்பட்டதாகவும் ஆகின்றனர். 1852ஆம் ஆண்டின் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டத்தின் வழியாக வங்கித் தொழில் பற்றிய ஆங்கிலச் சட்டம் நம் நாட்டுக்கும் உரியதாயிற்று. எனவே முகமூடிக்காரன் பெட்டகத்தை உடைத்துப் பணத்தை அள்ளிச் சென்றாலும், வங்கி நிலைத்திருக்கும்வரை வைப்பாளர் ஒரு சதமும் இழப்பதில்லை. இழப்பு வங்கியினுடையது, கடன் அப்படியே நிற்கிறது.

‘துணிவு’ காட்டும் மோசடியின் நுட்பம் இங்கேதான் விளங்குகிறது. வைப்பிலிட்டவர் ஒரு படிவத்தில் ஒப்பமிட்டுத் தம் சேமிப்பைப் பரஸ்பர நிதிக்கு மாற்றிய கணத்தில் அவருடைய நிலை தலைகீழாகிறது. அதுவரை கடன் கொடுத்தவராக இருந்தவர் இப்போது ஆபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் முதலீட்டாளர். நட்டம் வந்தால் அது அவருடைய நட்டம். பூட்டை உடைக்க வேண்டியதில்லை, காவலாளியைச் சுட வேண்டியதில்லை. ஒரு பேனா போதும். துப்பாக்கிக் கொள்ளை வைப்பாளரைத் தீண்டாது விடுகையில் பேனாக் கொள்ளை அவரை மட்டுமே தீண்டுகிறது என்ற இவ்வுண்மையைச் சண்டைக் காட்சிகளின் நடுவே சொல்லிவிட்டமை படத்தின் பெருமை.

நம் நாட்டு வரலாறும் இதற்குச் சான்று பகரும். 2008 டிசெம்பரில் ‘கோல்டன் கீ’ நிறுவனம் வீழ்ந்தபோதும், மத்திய வங்கி 2020 மே மாதத்தில் ‘த பினான்ஸ்’ கம்பனியின் உரிமத்தை நீக்கி, ஜூலையில் ‘ஈ.ரி.ஐ.’ நிறுவனத்தின் தொழிலை நிறுத்தியபோதும் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர் எவருமிலர். 2010இல் தொடங்கிய வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் 2020இல் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை 6 இலட்சம் ரூபாவாக இருந்தது. 2021இல் அது 11 இலட்சமாக உயர்த்தப்பட்டது. ஓய்வூதியத்தின் பணிக்கொடையை முழுதாக ஒரே நிறுவனத்தில் இட்டிருந்த ஒருவருக்கு அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள தொகை என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆயினும் வங்கிப் பெட்டகத்தில் பணத்தாள் மட்டுமா இருக்கிறது? வங்கிக் கொள்ளைப் படங்கள் யாவும் மறக்கச்செய்யும் பொருளொன்று அங்கே உண்டு. வன்னியில் காலபோகம் தொடங்குமுன் உழவுக்கூலி வேண்டும், விதைநெல் வேண்டும், பசளை வேண்டும். வீட்டுப் பெண்களின் சங்கிலியும் காப்பும், சில வேளை தாலிக்கொடியும், கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ வவுனியாவிலோ உள்ள வங்கிக்குச் செல்கின்றன. மழையும் குளமும் கைகொடுத்து நெல் வீடு வந்தால் நகையும் மீண்டு வருகிறது. தவறினால் வட்டியை மட்டும் கட்டி மறுபோகம்வரை தவணை பெறுகின்றனர். அடகு நகைக்கும் வைப்புப் பணத்துக்கும் சட்டத்திலேயே வேறுபாடு உண்டு. அடகு வைத்தவரே நகையின் சொந்தக்காரர்; வங்கிக்கு அதை வைத்திருக்கும் உரிமையும், தவணை தப்பினால் முறைப்படி அறிவித்து ஏலமிடும் உரிமையுமே உண்டு. பணத்தாளில் உரியவர் பெயர் இல்லை. ஓர் ஆயிரம் ரூபாத் தாளுக்கு ஈடாக இன்னோர் ஆயிரம் ரூபாத் தாளைக் கொடுத்துவிடலாம். தாய் அணிந்து, மகள் அணிந்து, பேத்திக்கென வைத்திருந்த சங்கிலிக்கு எதை ஈடு கொடுப்பது? நிறையைக் கணக்கிட்டுப் பவுனுக்குப் பவுன் கொடுத்தாலும் அது அந்தச் சங்கிலி ஆகாது.

வங்கிக் கொள்ளைப் படம் பார்வையாளரைக் கொள்ளையன் பக்கம் நிறுத்துவதன் இரகசியம் இதுவே என்று கருதுகிறேன். திரையிலே எப்போதும் கொள்ளை போவது முகமற்ற பணம். 2017இல் தொடங்கிய ‘மணி ஹைஸ்ட்’ என்னும் இசுப்பானியத் தொடர் இத்தந்திரத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றது. அதன் முதற் கதையில் கொள்ளையர் நாணயச் சாலைக்குள் புகுந்து தாமே பணம் அச்சிடுகின்றனர். எவருடைய பணத்தையும் எடுக்கவில்லை என்று வாதிடவும் செய்கின்றனர். சிட்னி லுமெட் 1975இல் அளித்த ‘டோக் டே ஆப்டர்நூன்’ வேறு வழி சென்றது. 1972இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் உண்மையாகவே நடந்த கொள்ளை முயற்சியைத் தழுவிய அப்படத்தில், உள்ளே வந்த கொள்ளையன் பெட்டகத்தில் சொற்பத் தொகையே இருப்பதைக் காண்கிறான். வியர்வையும் குழப்பமுமாக நிற்கும் அவன்மீது நமக்கு இரக்கம் வருகிறது. அவன் செய்தது சரி என்று மட்டும் படம் சொல்வதில்லை. இரக்கத்தையும் ஒப்புதலையும் அது வேறுபடுத்தி வைத்திருக்கிறது. ‘துணிவு’ இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதன் நாயகன் வியர்ப்பதேயில்லை. அவன் திறந்துவிடும் பெட்டகத்தினுள் யாரோ ஒரு பெண்ணின் தாலிக்கொடி ஒரு சிறு உறையினுள் இலக்கமிடப்பட்டு இருந்திருக்குமாயின், அரங்கில் எழுந்த கரவொலி அவ்வாறு எழுந்திருக்குமா?

இவ்வினா நமக்கு வெறும் கற்பனையன்று. ஈழத்தமிழர் நினைவில் வங்கிக் கொள்ளை என்பது சினிமாவுக்கு முன்பே நிகழ்ந்துவிட்ட ஒன்று. 1981 மார்ச் 25ஆம் நாள் நீர்வேலியில் மக்கள் வங்கியின் பணத்தை ஏற்றிவந்த வாகனம் மறிக்கப்பட்டு ஏறத்தாழ 80 இலட்சம் ரூபா எடுத்துச் செல்லப்பட்டது. காவலுக்கு வந்த பொலிஸார் இருவர் உயிரிழந்தனர். அதனைச் செய்தோர் அதைக் களவென்று கொள்ளவில்லை; ஒடுக்கும் அரசின் பணத்தை விடுதலைக்கு எடுத்ததாகவே கொண்டனர். பின்னர் சிறைப்பட்ட தங்கத்துரை, குட்டிமணி முதலியோர் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட கொடுமை, அவர்களுடைய எல்லாச் செயல்களின்மீதும் வேறொரு வெளிச்சத்தைப் பாய்ச்சிவிட்டது. கொல்லப்பட்டவரின் துயரம் பெரிது. ஆனால் நோக்கம் செயலைத் தூய்மையாக்குமா என்ற வினாவுக்கு அத்துயரம் விடையாகாது. பணம் அரசினுடையது என்ற வாதத்தை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். வாகனத்தின் பின்னே அமர்ந்து வந்த காவலர் அரசின் சின்னமாக மட்டுமே கணிக்கப்பட்டனர் என்பதை மறுக்க முடியாது. வங்கிக் கொள்ளைப் படங்களிலும் காவலாளி அவ்வாறே வீழ்கிறான். அவன் வீட்டில் யார் காத்திருந்தனர் என்பதற்கு ஒரு காட்சி ஒதுக்கப்படுவதில்லை. ‘துணிவு’ படத்திலும் குண்டுக்கு இரையாவோர் தொகை சிறிதன்று. பேனாவால் இறந்தவனுக்காக ஒரு முழுப் பின்கதையையே ஒதுக்கும் படம், துப்பாக்கியால் இறப்பவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

படத்தின் மிகப் பெரிய குறை இதனினும் ஆழமானது. மேலிடத்தார் சிலரின் சதியால் மோசடி விளைந்தது என்று காட்டியதன் மூலம், அவர்கள் பிடிபட்டதும் நோய் நீங்கிவிட்டது என்ற எண்ணத்தை அது தருகிறது. சட்டத்தை மீறியதால் அவர்கள் கள்வர். சட்டத்தை மீறாமலே பறிப்பவரை என்ன பெயரால் அழைப்பது? 2009இன் பின்னர் வன்னியில் குடிசைகள் முழுமையாகக் கூரை காணுமுன்பே ஏ9 வீதியின் இருமருங்கும் நிதி நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் எழுந்தன. கணவனை இழந்தும், காணாமற்போனவரைத் தேடியும், தனியாக வீட்டைக் கொண்டு நடத்திய பெண்களிடம் நுண்கடன் வந்து சேர்ந்தது. பெண்களைக் குழுக்களாக்கி, ஒருத்தியின் கடனுக்கு மற்றவர்களைப் பிணையாக்கி, வாரந்தோறும் தவணை அறவிடுவது அதன் முறை. ஒருத்தியால் கட்ட இயலாதபோது அவளை நெருக்குவோர் அவளுடைய அயல்வீட்டுப் பெண்களே. ஒரு கடனை அடைக்க இன்னொரு நிறுவனத்தில் கடன். அதை அடைக்க மூன்றாவது. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வந்த பின்னரும் இச்சுழல் நிற்கவில்லை. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஒருவர், ஆண்டு வட்டி 200 வீதத்தையும் கடந்த கடன்கள் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில் அரசாங்கம் வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் உள்ளிட்ட வறட்சியுற்ற 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடனைக் கட்ட முடியாது தவித்த பெண்களுக்கு நிவாரணம் அறிவித்தது.

அப்பெண்களிடம் துப்பாக்கி காட்டியவர் எவருமிலர். ஒப்பந்தம் இருந்தது, ஒப்பம் இருந்தது, சாட்சியும் இருந்தது. ‘துணிவு’ படத்தின் நாயகன் இந்த நிறுவனங்களுள் ஒன்றினுள் புகுந்து மேலிடத்தாரை ஒப்புக்கொள்ளச் சொன்னால் அவர்கள் எதை ஒப்புக்கொள்வார்கள்? தாம் விதிப்படியே நடந்ததாகச் சொல்வார்கள். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். அம்பலப்படுத்துவதற்கு இரகசியம் எதுவும் இல்லாத இடத்தில் அம்பலப்படுத்தும் நாயகனுக்கு வேலையில்லை. மாறாக, பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் 2021ஆம் ஆண்டு நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் வீதியோரத்தில் வாரக்கணக்காக அமர்ந்து நடத்திய அறப்போராட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். அதில் வீறுமிக்க காட்சி எதுவும் இல்லை. அதைப் படமாக்கினால் எத்தனை பேர் நுழைவுச்சீட்டு வாங்குவர் என்பதும் ஐயமே. ஆனால் அங்கே இழந்தவர்களே பேசினார்கள்.

‘துணிவு’ படத்தில் இழந்தவர்கள் பேசுவதில்லை என்பதை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். மக்கள் அதில் மூன்று கோலங்களில் மட்டுமே வருகின்றனர்: பணயக் கைதிகளாக, பின்கதையில் அழுவோராக, தொலைக்காட்சியைப் பார்த்து வியப்போராக. அவர்களுக்காகப் பேசும் உரிமையை நாயகனுக்கு அளித்தவர் யார் என்று படம் கேட்பதில்லை; நட்சத்திர நடிகர் என்பதே போதிய அதிகாரமாகக் கொள்ளப்படுகிறது. 1973இல் ஸ்டொக்ஹோம் நகர வங்கியொன்றில் ஆறு நாள் பணயமாக இருந்தவர்கள் தம்மைச் சிறைப்பிடித்தவனிடமே பரிவு கொண்டமையால் ஓர் உளநிலைக்கே அந்நகரின் பெயர் வந்தது. இரண்டரை மணிநேரம் இருட்டில் அமர்ந்திருக்கும் இரசிகரின் நிலையும் அதற்கு அதிக தூரத்தில் இல்லை. ஒரு பொழுதுபோக்குப் படத்தின்மீது இத்தனை பாரத்தை ஏற்றலாமா என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். பிற்பாதியில் கதையை நிறுத்திவைத்து நமக்கு நிதியறிவு புகட்ட முனைந்தது படமே. ஆசானாக வந்தவரிடம் வினாத் தொடுப்பது மாணவரின் உரிமை.

இவ்விடத்தில், வன்னி மக்கள் நெடுங்காலமாக அறிந்த வேறொரு களவுக் கதையை ஒப்பிடத் தோன்றுகிறது. வற்றாப்பளையில் ஆண்டுதோறும் வைகாசிப் பொங்கலன்று கடல்நீரில் விளக்கெரித்து நாம் வழிபடும் கண்ணகையின் கதை, அடிப்படையில் ஒரு திருட்டு வழக்கே. முல்லைத்தீவுப் பகுதியில் ஆடப்பட்டு வந்த கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்த முதியோருக்கு அதன் நுணுக்கங்கள் நன்கு தெரியும். அரசியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைக்கு வேண்டிய பொற்கொல்லன். பழி சுமந்தவன் சிலம்பு விற்க வந்த அயலூரான். மதிப்புக்குரிய கோலத்தில் இருப்பவனே கள்வன் என்பதில் இக்கதையும் ‘துணிவு’ கதையும் ஒன்றுபடுகின்றன. வேறுபாடு, அதன்பின் நிகழ்வதில் உள்ளது. கண்ணகி தனக்காகத் தானே பேசுகிறாள். கையில் படைக்கலம் இல்லை. எஞ்சிய ஒற்றைச் சிலம்பு இருக்கிறது. அதை உடைத்து, உள்ளே இருப்பது முத்தன்று, மாணிக்கம் என்று அவையறியக் காட்டுகிறாள். சான்று முதலில் வருகிறது. மன்னன் தன் பிழையை உணர்வது அடுத்து வருகிறது. தீ அதற்குப் பின்னரே வருகிறது. அத்தீயின் நியாயத்தைப் பற்றி அறிஞர் வாதிட்டுக்கொண்டே இருக்கின்றனர். இருந்தும், அது முதியோரையும் குழந்தைகளையும் விலக்கியே எரிந்ததாகக் கதை சொல்கிறது. ‘துணிவு’ இவ்வரிசையைப் புரட்டிவிட்டது. முதலில் தீ, அதன் நடுவே குற்றமற்ற வாடிக்கையாளர், சான்று கடைசியில் வருகிறது.

சான்று என்னும்போது ஒரு நகைக் கதை மீதமிருக்கிறது. 1994இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் வன்னியில் இயங்கிய தமிழீழ வைப்பகத்தில் மக்கள் தம் நகைகளை அடகு வைத்திருந்தனர். 2009இல் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்தபோது வைப்பகமும் இல்லை, அதன் ஊழியரும் இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து சென்றவர்களிடம் அடகுச் சீட்டு எஞ்சியிருப்பதும் அரிதாயிற்று. போர்க்களத்தில் மீட்கப்பட்ட பொன் ஆபரணங்கள் படையினர் வசமாயின. 2014 ஒக்டோபரில் கிளிநொச்சியில் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ அவற்றுள் ஒரு பகுதியை உரியோரிடம் கையளித்தார். 2025 மே மாதத்தில், போர்க்காலத்தில் மீட்கப்பட்ட பொன், வெள்ளி ஆபரணங்களின் தொகுதியொன்றை இராணுவம் பொலிஸாரிடம் ஒப்படைத்தது. சட்டமுறைப்படி உரிமையாளரைக் கண்டு சேர்ப்பிப்பது நோக்கமெனக் கூறப்பட்டது.

இங்கே பெட்டகம் உண்டு, பொருளும் உண்டு, பொருள் தன்னுடையதன்று என்பதை வைத்திருப்பவரும் மறுக்கவில்லை. திரைக்கதை எழுதுவோர் கையில் இது கிடைத்தால் ஒரு நாயகன் இரவோடிரவாக உள்ளே இறங்கிவிடுவான். இறங்கியவன் எந்தச் சங்கிலியை எந்த வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பான்? பதக்கத்தின் பின்புறம் பொறித்திருந்த எழுத்தையும், அறுந்து ஒட்டிய கண்ணியையும், இறுதியாக அதைக் கழற்றிக் கொடுத்த நாளையும் சொல்லக்கூடியவர் புதுக்குடியிருப்பிலோ மல்லாவியிலோ இன்னும் இருக்கலாம். சீட்டில்லாத அப்பெண்ணின் சொல்லைச் சான்றாக ஏற்கும் அவை எது?